மெதுவாக வாழ முதலில் எதையெல்லாம் வாங்க வேண்டும்?

குத்தாலத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். மயிலாடுதுறையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலையில் எட்டரை மணி பஸ், திரும்பி வர ஏழு ஆகிவிடும். வீட்டில் மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கணவருக்குத் திருச்சியில் வேலை, சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார்.

கொஞ்ச நாளாக இந்த நிதான வாழ்க்கை வீடியோக்களைப் பார்க்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பெண் வெள்ளைக் கதர் உடுப்போடு எழுந்து, மண் குவளையில் மூலிகை டீ குடித்து, ஜன்னலோரம் உட்கார்ந்து டைரி எழுதுகிறாள். கீழே பார்த்தால் குவளைக்கு ஒரு லிங்க், டைரிக்கு ஒரு லிங்க், மூங்கில் பிரஷுக்கு ஒரு லிங்க். குறைவாக வாங்கிப் பழக ஒரு வண்டி சாமான் வாங்க வேண்டும் போலிருக்கிறது. அவள் டைரி எழுதும் நேரத்தில் அந்த வீட்டுக் குக்கரை யார் இறக்குகிறார்கள் என்பதையும் காட்டுவதில்லை.

ஆனாலும் விஷயம் எனக்குத் தேவையானதுதான். பிள்ளைகள் தூங்கியபின் போனை எடுத்தால் கை தானாக ஷாப்பிங் ஆப்புக்குப் போகிறது. இருநூறு ரூபாய்க்கு ஒரு டாப், காய் நறுக்கும் டப்பா, சுவரில் ஒட்டும் கொக்கி. மாமியார் அட்டைப்பெட்டிகளையெல்லாம் மடித்துக் கொல்லையில் அடுக்கி வைத்திருக்கிறார், வெந்நீர் அடுப்புக்கு ஆகுமாம். கிண்டல் செய்கிறாரா, உண்மையிலேயே விறகுக்குத்தான் சேர்க்கிறாரா என்று இன்னும் பிடிபடவில்லை.

என் பணம் முக்கியமாகப் போவது துணி, அரிசி மளிகை, பாத்திரம் பண்டம் ஆகியவற்றில்தான். வேலைக்கும் போய்க்கொண்டு, இங்கே டெல்டாவில் இருந்துகொண்டு, யோசித்து வாங்குவது எப்படி? நீங்கள் நிஜமாகச் செய்வதைச் சொல்லுங்கள். ‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்கும் பதில்கள் வேண்டாம். அவை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தேவைக்கு மேலேயே வருகின்றன.


பெரிய கடைத்தெரு:

சகோதரி, அறுபத்தைந்து வயதுக்காரனிடம் ‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்காதே என்றால் எப்படி? சரி, கணக்காகவே சொல்கிறேன். நீங்களும் கணக்கு எழுதுபவர்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் பில் போட்டு ஓய்வு பெற்றவன் நான். எங்கள் விற்பனைப் பதிவேட்டைப் புரட்டினால் வயலில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடலாம். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்தால் விதை, உரம், உழவு, நடவுக்கூலி என்று ஊர்ப் பணமெல்லாம் வயலில் இறங்கிவிடும். கடையில் புளியும் பருப்பும் தவிர ஒன்றும் நகராது. குறுவை அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் வந்தால் தீபாவளித் துணி. சம்பா அறுவடை தை, மாசியில். அதன் பிறகுதான் பாத்திரம், நகை, கல்யாணச் சீர் எல்லாம். நடுவில் புடவை கிழிந்தால் தைத்துக் கட்டிக்கொண்டு “அறுப்பு வரட்டும்” என்பார்கள்.

இதைப் பெரிய தத்துவமாக யாரும் நினைக்க வேண்டாம். கையில் காசில்லை, அவ்வளவுதான். கூலிக்குப் போனவர்கள் கடையில் பற்று எழுதி வாங்கி, அறுப்புக் கூலியில் வட்டியோடு அடைத்தார்கள். அது திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு பொருள் வேண்டும் என்று தோன்றுவதற்கும் அது வீட்டுக்கு வருவதற்கும் நடுவில் சில மாதம் கிடந்தது. அந்த மாதங்களில் பாதி ஆசை உதிர்ந்துவிடும். உதிராமல் நின்றதுதான் தேவை.

உங்கள் போனில் அந்த இடைவெளியே கிடையாது. அதை அடைப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள். ‘இன்னும் 2 மட்டுமே’, ‘9 நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று ஓடும் கடிகாரம், நாம் போடாத பொருளோ நன்கொடையோ பில்லில் தானாக ஏறிக்கொள்வது, வேண்டாம் என்று அழுத்தப் போனால் ‘எனக்குச் சேமிப்பதில் விருப்பமில்லை’ என்று எழுதிய பொத்தான். எனக்கே மருந்து வாங்கும்போது ஒரு செயலியில் கேட்காமலே நன்கொடை சேர்ந்திருந்தது. இப்படிப்பட்ட 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு, செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிடலாம், தமிழிலும் பேசுகிறார்கள்.

நான் செய்வது இதுதான். ஆப்பை போனிலிருந்து எடுத்துவிட்டேன். வேண்டுமென்றால் கூகுளில் தேடிப்போய், மறந்துபோன கடவுச்சொல்லை நினைவுபடுத்தி, கார்டு எண்ணை ஒவ்வொரு தடவையும் அடித்துத்தான் வாங்க முடியும். அந்த எரிச்சலிலேயே பல சாமான் நின்றுபோகிறது. தோன்றியதையெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறோம். ஐப்பசியிலும் தையிலும் வீட்டம்மா அந்த டப்பாவைத் திறப்பார். மாதச் சம்பளக்காரருக்கும் இது ஒத்துவரும். கோ-ஆப்டெக்ஸில் மாதத் தவணை கட்டிப் பிறகு துணி எடுக்கும் சேமிப்புத் திட்டம் உண்டு, விவரம் கடையிலேயே கேளுங்கள். அல்லது வங்கியில் ஒரு சின்ன ஆர்.டி. போட்டு, தீபாவளிக்கு முன்னால் முதிர்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இந்த மெதுவான வாழ்க்கை இயக்கம் மூங்கில் பிரஷில் தொடங்கவில்லை. 1986-இல் ரோம் நகரத்தில், ஸ்பானிஷ் படிக்கட்டுப் பக்கம் மெக்டொனால்ட்ஸ் திறந்ததற்கு எதிர்ப்பு கிளம்பியது. கார்லோ பெட்ரினி என்பவர் அதில் முன்னின்றார். அவர்கள் பேசியது சாப்பாட்டைப் பற்றி: யார் விளைவித்தது, அவர்களுக்கு என்ன கிடைத்தது, சாப்பிட நமக்கு நேரம் உண்டா. பிரஷும் டைரியும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.


பாபநாசம் ஓவர்லாக்:

அக்கா, துணி பற்றி நான் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். இப்போது பாபநாசத்தில் வீட்டிலேயே தைக்கிறேன். இருநூறு ரூபாய் டாப்பை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிப்பட்ட துணியைத் தைத்த காசில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது.

ஆனால் அந்த டாப்பைக் கையில் எடுத்ததும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு வெளியே துணி எவ்வளவு விட்டிருக்கிறார்கள்? நூலிழை அளவுதான் என்றால் நாலு துவைப்பில் பிரியும், பிரித்துத் தைக்கவும் இடமிருக்காது. பக்கத் தையலை இரண்டு கையாலும் லேசாக இழுங்கள், வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். துணியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் நெசவு எங்கே இளகியிருக்கிறது என்று தெரியும். வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி ஓரத்தில் தேய்த்தால் சாயம் நிற்குமா என்பது கடையிலேயே தெரிந்துவிடும் (கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்). பருத்தியா என்று சந்தேகம் வந்தால் ஓரத்து நூல் ஒன்றை வீட்டில் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இதில் ஒன்றையும் போன் படத்தை வைத்துச் செய்ய முடியாது. ஆன்லைனில் துணி வாங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

திருப்பூர் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் போனது எல்லோருக்கும் தெரியும். அந்த ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டியது பாசனத்துக்கு; தேங்கியது சாயத் தண்ணீர். விவசாயிகள் வழக்கு மேல் வழக்குப் போட்டு, கடைசியில் 2011 ஜனவரியில், கழிவை ஒரு சொட்டு கூட வெளியே விடாத ஏற்பாடு செய்யும்வரை பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகு சுத்திகரிப்பு நிறைய மாறியது, செலவும் ஏறியது. நொய்யல் போய்ச் சேர்வது எங்கே? கரூர் பக்கம் காவிரியில். அதே காவிரிதான் முக்கொம்பு, கல்லணை தாண்டி உங்கள் குத்தாலத்துக்கு வருகிறது. துணி விலை எப்படி இவ்வளவு குறைந்தது என்று கேட்கும்போது நான் இந்த ஆற்றையும் சேர்த்துத்தான் நினைப்பேன். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று ஒரு கணக்கு உண்டு. டிஎம்சி டிஎம்சியாகத் தண்ணீர் கேட்டுக் காத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை.

பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கக் கொடுக்கும்போது, உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பேண்ட், பாவாடை மடிப்பில் மூன்று விரற்கடை இருந்தால் அடுத்த வருடமும் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். ரெடிமேடில் அந்த வசதியே வைப்பதில்லை. பட்டு எடுக்க வேண்டியிருந்தால் திருபுவனம் உங்களுக்குப் பக்கம்தான். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே போய் எடுங்கள், பட்டு முத்திரை (சில்க் மார்க்) இருக்கிறதா பாருங்கள். தினமும் கட்டுவதற்குப் பருத்திப் புடவை எடுங்கள். கூறைநாட்டுப் புடவை உங்கள் மயிலாடுதுறைச் சரக்குதான், ஆனால் பவர்லூமில் நெய்த கட்டம் போட்ட புடவையையும் அந்தப் பெயரில் விற்பார்கள், கேட்டு வாங்குங்கள்.


திருத்துறைப்பூண்டி வரப்பு:

அரிசிக்கு நான். கொஞ்சம் நிலத்தில் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறேன். அதனால் என் பேச்சில் வியாபாரமும் கலந்திருக்கும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

முதலில் ஒன்று: வீட்டு அரிசி முழுவதையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மாப்பிள்ளைச் சம்பா முந்தின இரவே ஊற வேண்டும், கருப்புக் கவுனியும் அப்படித்தான். மறுநாள் காலை எட்டரை பஸ் இருக்கிறவர்களுக்கு அது நடக்காது. பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள், மூட்டை வண்டு விழுந்து கிடக்கும், “இயற்கை எல்லாம் நமக்கு ஒத்துவராது” என்று பேச்சு முடிந்துவிடும். சோற்றுக்குத் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா மாதிரி வெள்ளை ரகங்களில் தொடங்குங்கள், வித்தியாசமே தெரியாது. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பு அரிசியைக் கஞ்சி, இட்லி, புட்டு என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சம்பாப் பட்டத்து நெல், அறுவடை தை, மாசிதான். புது அரிசி குழையும். நெல்லாக வைத்துச் சில மாதம் கழித்து அரைத்தால் சோறு உதிரியாக நிற்கும். ஒரு விவசாயியைப் பிடித்து, “எனக்கு இத்தனை மூட்டை, ஆடியில் அரைத்துக் கொடு” என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். விலை கூடத்தான் இருக்கும். இந்தப் பயிர் ஆள் உயரம் வளரும், மழைக்குச் சாயும், விளைச்சலும் குறைவு. அந்த விலையில் பாதியாவது விளைவித்தவனுக்குப் போகிறதா என்று கேளுங்கள். அழகான பையில் ‘பாரம்பரியம்’ என்று அச்சடித்து வருவதில் பல சமயம் அது போவதில்லை. நெடுஞ்சாலையில் பித்தளை டபரா வைத்தால் கும்பகோணம் டிகிரி காபி ஆகிவிடுகிறது இல்லையா, அது மாதிரிதான் இதுவும். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று எந்த அரிசியை யார் விற்றாலும் நம்பாதீர்கள், அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

எங்கள் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அவர் 2018 டிசம்பரில் போய்விட்டார். அந்த விதை இன்னும் பல ஊர் வயல்களில் இருக்கிறது. எனக்கும் அப்படி ஒருவர் கைமாற்றிக் கொடுத்ததுதான்.

வண்டுக்கு வேப்பிலையைக் காயவைத்துப் போடுங்கள், வசம்பும் போடலாம். ஆனாலும் மழைக்காலத்தில் கொஞ்சம் வரும். அதற்கு வருத்தப்பட வேண்டாம், முறத்தில் கொட்டி நிழலில் உலர்த்திப் புடைத்தால் போதும்.


மன்னார்குடி மருமகள்:

மூன்று பேரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஊறவைப்பது யார், புடைப்பது யார், காலண்டர் தாளை டப்பாவில் போடுவது யார்? வீட்டம்மா. பெரியவர் எழுதியதிலேயே டப்பாவைத் திறப்பது அவர் மனைவிதான்.

நானும் ஒரு காலத்தில் முழு மூச்சாக இறங்கியவள். பித்தளை அண்டா, பித்தளைக் குடம், துணி நாப்கின், வீட்டில் இடித்த பொடி. பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், சமைக்கிற பாத்திரமென்றால் உள்ளே ஈயம் பூச வேண்டும், பூசுகிறவர் தெருவுக்கு வருவது எப்போதோ. வாழ்க்கை மெதுவாகியது என் வீட்டுக்காரருக்கு. அவர் திண்ணையில் உட்கார்ந்து குடத்துத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார். எனக்கு நாள் இன்னும் வேகமாக ஓடியது. அண்டாவை எடைக்குப் போட்டுவிட்டேன், வருத்தமே இல்லை. மிக்சி, குக்கர், வாஷிங் மெஷின் மூன்றையும் யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ரிப்பேர் ஆனால் ரிப்பேர் பார்ப்பேன், புதிது வாங்க மாட்டேன். என் மிக்சிக்கு ஜார் பிளேடும் கப்ளரும் பல தடவை மாற்றியாகிவிட்டது.

குத்தாலத்து அக்காவுக்கு என் யோசனை: உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கிறார் அல்லவா? உழவர் சந்தை அவர் பொறுப்பு. விடியற்காலையிலேயே கூடிவிடும், விலையைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள், பேரம் பேசத் தெரியாதவரும் போகலாம். மஞ்சப்பை அவரே எடுத்துப் போகட்டும். வாரத்துக் காய் வந்து, அதை அவரே கழுவி எடுத்து வைத்தால், உங்களுக்கு ஜன்னலோரம் உட்கார அரை மணி கிடைக்கும். கிடைக்கிற அரை மணியில் டைரி எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை, தூங்கலாம்.

ராத்திரி ஷாப்பிங்கும் இதோடு சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் வேலை. பத்தரை மணிக்கு மேல்தான் நமக்கென்று ஒரு நேரம். அப்போது கையில் இருப்பது போன் ஒன்றுதான். ஆப்பை எடுத்துவிடுவது சரி, ஆனால் அந்த நேரத்தைச் சாயந்திரத்துக்கு யாராவது கொடுக்கவும் வேண்டும்.


குத்தாலத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மன்னார்குடி அக்கா எழுதியதை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். ‘சந்தைக்குப் போகிறேன், கழுவுவது பற்றிப் பிறகு பேசலாம்’ என்று பதில் வந்திருக்கிறது. பேசலாம்.

ஆப்பை எடுத்துவிட்டேன். டாப் எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன், பாபநாசம் தங்கச்சி சொன்ன மாதிரிதான் இருக்கிறது. கிழியும்வரை உடுத்துவேன், இருப்பதை எறிந்துவிட்டுக் கதர் வாங்கப் போவதில்லை. அரிசிக்குத் திருத்துறைப்பூண்டிக்காரருக்குத் தனிச் செய்தி போட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ரசத்துக்கு ஈயச் சொம்பு வேண்டும் என்று மாமியாருக்கு ரொம்ப நாள் ஆசை. பழையது அடுப்பில் உருகிப்போய்விட்டதாம். ஆன்லைனில் மலிவாகக் கிடக்கிறது, ஆனால் ஈயம் விஷம் என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா?


பெரிய கடைத்தெரு:

மருமகள் சொன்னது உறைத்தது. இந்த முறை டப்பாவை நானே திறக்கிறேன்.

சொம்பு விஷயம். ரசச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். விஷம் என்பது காரீயம், அது வேறு உலோகம். மலிவுச் சரக்கில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புளித்த ரசம் அதில் கொதித்தால் அது சாப்பாட்டில் இறங்கும், பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு அது ஆகவே ஆகாது. அதனால் ஆன்லைனில் மலிவு என்று தொடவே வேண்டாம். கும்பகோணத்தில் பாத்திரக் கடைகளில் எடை போட்டு விற்பார்கள். சுத்த வெள்ளீயம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். வெள்ளீயம் விலை கூடிய உலோகம், சின்னச் சொம்பே நல்ல தொகை வரும்.

மாமியாருடைய சொம்பு உருகியதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளீயம் சுமார் 232 டிகிரியிலேயே உருகிவிடும், கேஸ் அடுப்புத் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை கவலையில்லை. காலிச் சொம்பை வைத்தாலோ, ரசம் வற்றினாலோ, தீ பக்கவாட்டில் ஏறினாலோ அடி போய்விடும். முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும், தீயைச் சிறிதாக வைக்க வேண்டும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். காலை நேரத்தில் நீங்கள் நிற்க முடியாது. மாமியார்தான் ரசம் வைப்பார் என்றால் வாங்குங்கள். இல்லையென்றால் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசத்தைக் கூட்டி, நுரை கட்டி வரும்போது இறக்கி மூடி வையுங்கள். தாளிப்புக்கு நெய் ஊற்றினால் உங்கள் மாமியாரே அதிகம் குறை சொல்ல மாட்டார்.